பிள்ளைப் பிணக்கும் பிரம்பும்

முதல் வகுப்பில் படிக்கும் குழந்தை ஒன்று பக்கத்தில் அமர்ந்திருக்கும் குழந்தையின் கையைக் கடித்துவிடுகிறது. அல்லது அதன் பலப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு, திருப்பிக் கேட்டால் பிடித்துத் தள்ளுகிறது. ஆசிரியர் யாது செய்தல் வேண்டும்? இது அன்றன்றைக்கே தீர்ந்துபோகும் சிறு காரியம் என்று பெரும்பாலோர் எண்ணுவர். ஆயினும் இக்கேள்விக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றின் முக்கியமான கட்டங்கள் சில நம் தென்னாட்டிலேயே, சென்னைக்கும் பல்லாரிக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியிலேயே நிகழ்ந்தன என்பது நேயர்களுள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், குப்பத்தை அடுத்து ராமகுப்பம் என்னும் ஊர் இருக்கிறது. ஆந்திரமும் கருநாடகமும் தமிழகமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் பகுதி அது. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாக அமைந்தது. 1960இல் எல்லைத் திருத்தம் நிகழ்ந்தபோது திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. குப்பம் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. நாட்டுப் படத்தில் கோடு எங்கே விழுந்தாலும், மக்களின் நாவில் மூன்று மொழிகளும் கலந்தே புழங்குகின்றன. இத்தகைய எல்லைப்புறத்தில், வீட்டில் தமிழோ கன்னடமோ பேசும் குழந்தை தெலுங்கு பேசும் குழந்தையோடு ஒரே பாயில் அமர நேரிடுகிறது. ‘அது என்னுடையது, கொடு’ என்று சொல்லுவதற்கு இருவருக்கும் பொதுவான சொல் ஒன்று வேண்டும். சொல் எட்டாத இடத்தில் கை நீளுகிறது. சில வேளைகளில் பல்லும் முந்துகிறது. ஆகவே நாம் எடுத்துக்கொண்ட கேள்வி இவ்வூரைப் போன்ற ஊர்களில் மிகுதியாகவே எழக்கூடியது.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இத்தகைய பிணக்குகளை எவ்வாறு தீர்த்தனர் என்று தேடுவோமாயின், ஒரு வியப்பு காத்திருக்கிறது. 1822ஆம் ஆண்டில் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணம் முழுவதிலும் உள்ள நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு கலெக்டர்களுக்கு ஆணையிட்டார். 1826இல் தொகுக்கப்பட்ட அக்கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கர்களும் இருந்தனர். கலெக்டர்கள் அனுப்பிய அறிக்கைகளுள் பல்லாரிக் கலெக்டர் காம்பெல் 1823ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் எழுதியது விரிவானது. மற்றையோர் எண்களை மட்டும் நிரப்பி அனுப்பிய இடத்தில், இவர் பள்ளிக்குள் நுழைந்து பார்த்தவர்போல எழுதுகிறார். காலையில் முதலில் வந்து சேரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழி. அவனுக்குப் புகழுமில்லை, இகழுமில்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதன்பின் வருபவர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் அடி கூடிக்கொண்டே போகும். சோம்பியிருப்பவனுக்குக் கசையடி உண்டு. அவனை இரண்டு கைகளையும் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுதலும் உண்டு. இதனைத்தான் நம் பெரியோர் ‘கோதண்டம்’ என்றனர். ஓயாமல் மண்டியிட்டு எழச் செய்தலும் வழக்கம். இது துன்பம் தருவதாயினும் உடல் நலத்துக்கு ஏற்றதாக இருக்கக்கூடும் என்று கலெக்டர் ஒரு குறிப்பையும் சேர்த்திருக்கிறார்! தோப்புக்கரணம் போட்டவர் எவரும் அவரிடம் கருத்துக் கூறியதாகத் தெரியவில்லை.

இப்பட்டியலைக் கூர்ந்து நோக்க வேண்டும். தண்டனை பெறுவோராக இங்கே வருபவர் காலந்தாழ்த்தி வந்தவரும் பாடத்தில் சோம்பியவருமே. அடுத்த பிள்ளையை அடித்தவன், கடித்தவன், பலப்பம் பறித்தவன் ஆகியோர் தனியே குறிக்கப்படவில்லை. பிள்ளைகள் அக்காலத்தில் சண்டையிடவில்லை என்று இதற்குப் பொருளன்று. எக்குற்றமாயினும் அது ஆசிரியருக்கும் அப்பிள்ளைக்கும் இடையே உள்ள விவகாரமாகவே கொள்ளப்பட்டது. பிரம்பு ஆசிரியர் கையில் இருந்தது. அடிபட்ட முதுகு குற்றவாளியினுடையது. கடிபட்ட கை எவருடையது என்பது கணக்கில் ஏறவே இல்லை.

இதற்கு வேறொரு காரணமும் உண்டென நாம் கருதுகிறோம். பல்லாரி மாவட்டத்தின் 533 பள்ளிகளில் இருந்த 6,641 மாணாக்கருள் இந்துப் பெண் குழந்தைகள் 60 பேர்தாம். மன்றோவின் கணக்கே சாதி வாரியாகப் பிரித்துத்தான் எடுக்கப்பட்டது. பெருந்தொகையான குழந்தைகள் திண்ணையின் மேல் ஏறவே இயலாத காலம் அது. ‘உடன் படிக்கும் பிள்ளை’ என்பவன் எவனாயினும் நமக்குச் சமமானவன், அவனுக்கு இழைக்கும் தீங்கு தீங்கே என்னும் எண்ணம், எல்லாக் குழந்தைகளும் ஒரே அறையில் அமரத் தொடங்கிய பிறகே வேர்கொள்ள முடியும். நம் நாட்டில் அது மிக அண்மைக் காலத்துச் செய்தி.

திண்ணைப் பள்ளியில் மற்றொருவர் இருந்தார். அவர் சட்டாம்பிள்ளை. மூத்த மாணாக்கராகிய அவர் இளைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பார். ஆசிரியர் இல்லாத வேளையில் ஒழுங்கையும் காப்பார். பிள்ளைகளின் பிணக்குகள் முதலில் இவரிடந்தான் சென்றன. தின்பண்டம் கொண்டுவந்து கொடுத்தவன் பக்கம் தீர்ப்புச் சாய்ந்ததுண்டு என்று பழையவர்கள் சொல்லிச் சிரிப்பர். எனினும், பிள்ளைகளின் வழக்கைப் பிள்ளை ஒருவனே கேட்பது என்னும் ஏற்பாட்டில் ஒரு வித்து இருந்தது. அவ்வித்து கடல் கடந்து சென்ற கதையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

ஸ்காத்லாந்தில் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் குழந்தைகளுக்கென ஒரு விடுதிப் பள்ளி நிறுவப்பட்டது. அப்பள்ளியை மேற்பார்க்கும் பொறுப்பு பெல் அவர்களிடம் வந்தது. பணியாற்றிய ஆசிரியர்களோ புதிய முறை எதையும் கைக்கொள்ள மறுத்தனர். ஒரு நாள் நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்த முயன்றார். அதற்கும் ஆசிரியர் இணங்கவில்லை. ஆகவே ஜான் பிரிஸ்கென் என்னும் சிறுவனையே நெடுங்கணக்கு வகுப்புக்கு ஆசிரியனாக அமர்த்தினார். அது பயன் தந்தது. படிப்படியாகப் பள்ளி முழுவதும் பிள்ளைகளைக் கொண்டே நடத்தப்பட்டது. ஒவ்வொரு வகுப்பிலும் தேர்ந்த பிள்ளை ஒருவனும் தேராத பிள்ளை ஒருவனும் இணையாக அமர்ந்தனர். முன்னவன் பின்னவனுக்குப் பொறுப்பு.

நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு நெருக்கமானது பெல் அமைத்த மற்றோர் ஏற்பாடு. பள்ளியில் ‘கறுப்புப் புத்தகம்’ ஒன்று வைக்கப்பட்டது. ஒழுங்கீனமும் தீய நடத்தையும் நிகழ்ந்தால் உடனே அடிப்பதில்லை, அதில் எழுதிவைப்பர். பின்னர்க் குறித்த நாளில் அக்குற்றம் விசாரணைக்கு வரும். விசாரித்துத் தீர்ப்புக் கூறுவோர் ஆசிரியரல்லர். உடன் படிக்கும் பிள்ளைகளைக் கொண்ட நடுவர் குழு. தண்டனையைக் குறைக்கவோ நீக்கவோ மேற்பார்வையாளருக்கு அதிகாரம் இருந்தது. இவ்வேற்பாடுகளின் பயனாக மாதக்கணக்கில் ஒரு தண்டனைக்குக்கூடத் தேவை ஏற்படவில்லை என்பது பெல் அவர்களின் கூற்று. 1796இல் சென்னையை விட்டுச் சென்ற அவர், மறு ஆண்டு இலண்டனில் தம் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவியது.

தம் சோதனையைப் பற்றித் தாமே எழுதுவோர் சற்று மிகைப்படுத்துதல் இயல்பு. அதனைத் தள்ளிவிட்டே பார்ப்போம். அப்போதும் இரண்டு நன்மைகள் எஞ்சுகின்றன. குற்றம் நிகழ்ந்த கணத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே கால இடைவெளி விழுந்தது. ஆசிரியரின் சினம் ஆறுவதற்கு அது போதும். இரண்டாவதாக, பிள்ளைகளுக்குள் நிகழ்ந்த தீங்கு பிள்ளைகளின் முன்னிலையிலேயே பேசப்பட்டது. அம்முறைக்கு உள்ள குறையும் வெளிப்படை. பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுவருக்கு நடுவர் குழு பொருந்தலாம். ஐந்து வயதுக் குழந்தையைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தி விசாரித்தால் அதுவே ஒரு தண்டனையாகிவிடும். பிள்ளைகள் சில வேளைகளில் பெரியோரைவிடக் கடுமையான நீதிபதிகள் என்பதையும் மறத்தலாகாது.

அதே காலத்தில் இலண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பார் இதனையொத்த பள்ளி ஒன்றை நடத்தினார். அவர் பிரம்பை வெறுத்தவர். ஆனால் அதற்குப் பதிலாக அவர் கண்டுபிடித்தவை என்ன? குற்றம் செய்த பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டையைப் பூட்டுதல், கூடையில் வைத்துக் கூரையிலிருந்து தொங்கவிடுதல், குற்றத்தை எழுதிய அட்டையை உடலில் மாட்டி வலம்வரச் செய்தல் முதலியன! முதுகு தப்பியது, மானம் தப்பவில்லை. கோதண்டத்தில் கயிறு இருந்தது, இங்கே கூடை இருக்கிறது. பிரம்பை எடுத்துவிட்டாலே மென்மை வந்துவிடும் என்று நம்புவோர் லங்காஸ்டரின் கதையை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

நிற்க. ‘சென்னை முறை’ இங்கிலாந்தில் புகழ்பெற்ற அதே நூற்றாண்டில், அது பிறந்த சென்னை மாகாணத்தில் பள்ளிகள் வேறு திசையில் சென்றன. தேர்ச்சி பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்ப மானியம் என்னும் விதி 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்தது. பிள்ளை தேறாவிட்டால் ஆசிரியரின் வரும்படி குறையும், பிரம்பு ஓய்ந்திருக்குமா? ‘அடியாத மாடு படியாது’ என்னும் பழமொழியோடு பெற்றோரும் ஒத்துழைத்தனர். கண்ணிரண்டை விட்டுவிட்டு மற்றபடி உம் விருப்பம் என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் போன தந்தையர் கதை ஊருக்கு ஊர் உண்டு.

இங்கே ஒரு சொல்லைப்பற்றிக் குறிப்பிட விரும்புகிறோம். அரசாங்கத்து ஆவணங்களை மொழிபெயர்ப்பதையே அலுவலாகக் கொண்ட நமக்கு, ‘தண்டனை’ என்னும் சொல் அடிக்கடி எதிர்ப்படும். ‘தண்டம்’ என்றால் கோல். கோலை எடுத்துவிட்டுத் தண்டனையைப் பற்றிப் பேச நம் மொழியே சற்றுத் தயங்குகிறது. சட்டத்திலும் இத்தயக்கம் நெடுங்காலம் இருந்தது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 82ஆம் பிரிவு, ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது என்றது. அதே சட்டத்தின் 89ஆம் பிரிவு, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காகக் காப்பாளரோ அவரது இசைவு பெற்றவரோ நல்லெண்ணத்துடன் செய்வது குற்றமாகாது என்றது. பிள்ளையை அடித்த ஆசிரியர் சார்பில் வாதிட்டோர் இப்பிரிவின் துணையை நாடினர். கடித்த குழந்தையும் குற்றவாளியன்று. அதை அடித்த ஆசிரியரும் குற்றவாளியல்லர்! 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையிலும் 20, 27 என்னும் எண்களில் இவ்விரு பிரிவுகளும் தொடர்ந்து வருகின்றன.

இனி, சித்தூர்ச் சீமைக்குத் திரும்புவோம். 1895இல் மதனப்பள்ளியில் ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்தார். பிற்காலத்தில் உலகம் அறிந்த சிந்தனையாளராக விளங்கிய அவர், இளமையில் மந்தமானவர் என்று கருதப்பட்டுப் பள்ளியில் ஏறத்தாழ நாள்தோறும் அடிபட்டார். வகுப்பிற்கு வெளியே தாழ்வாரத்தில் நிறுத்தப்பட்டு, மறக்கப்பட்டு, தம்பி நித்யா வந்து கைப்பிடித்து வீட்டுக்கு அழைத்துச் சென்ற நாள்களும் உண்டு என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். 1909இல் தந்தையார் அடையாற்றில் குடியேறியபின் மயிலாப்பூரில் படித்தபோதும் அடி தொடர்ந்தது. அவர் எண்ணத்தில் உருவான ரிஷிவாலிப் பள்ளி, மதனப்பள்ளிக்கருகே 1920களில் வாங்கிய நிலத்தில், கிண்டியில் இயங்கிவந்த பள்ளி 1931இல் அங்கே இடம்பெயர்ந்ததோடு நிலைகொண்டது. பரிசும் தண்டனையும் இரண்டும் அச்சத்தையே வளர்ப்பன. ஒரு பிள்ளையை மற்றொரு பிள்ளையோடு ஒப்பிடுதலே முதற் காயம் என்பது அவர் கொள்கை. காம்பெல் கண்ட பள்ளியில் முதலில் வந்தவன் கையில் சரசுவதியும், கடைசியில் வந்தவன் கையில் தழும்பும் இருந்தன அல்லவா? கிருஷ்ணமூர்த்தியின் நோக்கில் இரண்டும் ஒரே எழுத்தாணியால் எழுதப்பட்டவை. வரிசையில் பின்னே தள்ளப்பட்ட பிள்ளை, தன்னைவிட எளியவன் ஒருவனைத் தேடிப்பிடித்துத் தள்ளுவது கண்கூடு.

ரிஷிவாலியில் ஆசிரியராக இருந்த டேவிட் ஆர்ஸ்பரோ 1972இல் கோலார் மாவட்டத்தில் ‘நீல்பாக்’ என்னும் சிற்றூர்ப் பள்ளியைத் தொடங்கினார். தேர்வு, பரிசு, தண்டனை மூன்றும் அங்கே இல்லை; வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் கலந்து அமர்ந்தனர். 1980களின் பிற்பகுதியிலிருந்து ரிஷிவாலியின் சுற்றுப்புறச் சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகள் தோன்றின. பாடங்களைச் சிறு அட்டைகளாகப் பகுத்து, பிள்ளைகள் குழுக்களாகத் தரையில் வட்டமிட்டு அமர்ந்து, மூத்தது இளையதற்குச் சொல்லிக்கொடுக்கும் முறை அங்கே வளர்ந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 2003இல் இதனைப் பின்பற்றித் தொடங்கிய ‘செயல்வழிக் கற்றல்’ சில ஆண்டுகளில் தமிழகத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதும் பரவியது. திண்ணையிலிருந்து எழும்பூருக்கும், எழும்பூரிலிருந்து இலண்டனுக்கும் சென்ற ஓர் எண்ணம் இருநூறு ஆண்டுகளுக்குப்பின் மதனப்பள்ளி வழியாகச் சென்னைக்குத் திரும்பியிருக்கிறது. வட்டத்தில் அமர்ந்து, தன் அட்டையைத் தானே எடுத்துவந்து வேலை செய்யும் பிள்ளைக்கு அடுத்தவனைச் சீண்டும் ஓய்வு குறைவு. அம்முறையின் பிற குறைநிறைகளைப் பற்றி ஆசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது வேறு செய்தி.

ஆயினும் கடித்துவிட்ட அந்தக் கணத்தில் செய்யவேண்டியது என்ன என்பதற்கு மிகத் தெளிவான விடையை எழுதிவைத்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார் என்றே சொல்லவேண்டும். அவர் மருத்துவம் கற்றவர். 1907இல் உரோமாபுரியின் ஏழை மக்கள் வாழும் பகுதி ஒன்றில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பிறரைத் துன்புறுத்தும் குழந்தையை அங்கே எவ்வாறு நடத்தினர் என்பதை 1909இல் வெளியிட்ட நூலில் விளக்கியிருக்கிறார். முதலில் அக்குழந்தைக்கு உடல் நோய் ஏதேனும் உண்டா என்று மருத்துவரைக்கொண்டு பார்ப்பர். இல்லையெனில், அறையின் ஒரு மூலையில் சிறு மேசையும் வசதியான நாற்காலியும் இட்டு அதனை அமரச் செய்வர். சுவரைப் பார்த்து அன்று. மற்றக் குழந்தைகள் வேலை செய்வது கண்ணில் படுமாறு. அதற்கு மிகவும் பிடித்த விளையாட்டுப் பொருள்களையும் கொடுப்பர். அம்மையார் அறைக்குள் வரும்போது நேரே அக்குழந்தையிடம் சென்று, மிகச் சிறு குழவியைக் கொஞ்சுவதுபோலக் கொஞ்சுவார்; பின்னரே மற்றக் குழந்தைகளிடம் திரும்பி, வளர்ந்தவர்களிடம் உரையாடுவதுபோல அவர்தம் வேலையைப் பற்றிக் கேட்பார். நோயுற்ற குழந்தையைப் பேணுவதுபோன்ற பேணல் அது. நாளடைவில் அக்குழந்தை மற்றவரைப் போலத் தானும் நடக்க விரும்பி எழுந்துவரும் என்கிறார்.

இந்த அம்மையார் 1939இல் அடையாற்றுக்கு வந்து ஏறத்தாழ 300 பேருக்குப் பயிற்சி அளித்ததும், போரின் காரணமாக இந்தியாவிலேயே தங்க நேர்ந்ததும், கொடைக்கானலில் வெவ்வேறு வயதுக் குழந்தைகள் கலந்து பயிலும் பள்ளி நடத்தியதும் பலர் அறிந்தவை. அவருடைய கட்டைகளும் மணிகளும் நம் நாட்டில் விலைக்கு வந்தன. அந்த மூலை நாற்காலி அவ்வளவாக வரவில்லை. வந்த இடங்களிலும் பெரும்பாலும் முகம் சுளித்து உட்காரவைக்கும் நாற்காலியாகவே வந்தது. அப்படியானால் அது லங்காஸ்டரின் கூடைக்கு உறவாகிவிடும். அம்மையாரின் விளக்கத்திலும் ஒரு குறை உண்டு: துன்புறுத்திய குழந்தையைப் பற்றி அவ்வளவு நுணுக்கமாக எழுதியவர், துன்புற்ற குழந்தைக்கு என்ன செய்தார் என்பதை அவ்விடத்தில் சொல்லாமல் விட்டுவிட்டார்.

ஆந்திர அரசு 2002இலும் தமிழக அரசு 2003இலும் பள்ளிகளில் உடல் தண்டனையை விதித்திருத்தத்தால் நீக்கின. 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த கல்வியுரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்துத் தடுத்தது. ‘சென்னை முறை’யைப் போற்றிய இங்கிலாந்துகூட, அரசுப் பள்ளிகளில் பிரம்பை 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் விலக்கியது. ஆனால் நம் கல்வியுரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. கடிப்பதும் கிள்ளுவதும் மிகுதியாக நிகழும் மூன்று, நான்கு வயதில் குழந்தை அச்சட்டத்தின் வாயிலுக்கு வெளியே நிற்கிறது.

சட்டம் செய்யலாகாததைச் சொன்னது. பள்ளி வாயிலில் வந்து நின்று, ‘எங்கள் பிள்ளையைக் கடித்த பிள்ளையை நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்று கேட்கும் தாய்க்கு ஆசிரியர் கூறவேண்டிய மறுமொழியை அது சொல்லவில்லை. அத்தாயின் கேள்வி நேர்மையானது. ‘அடித்தோம்’ என்று சொன்னால் அவர் மனம் ஆறிப் போய்விடுவார். பிரம்பு இத்தனை காலம் நிலைத்திருந்ததற்கு அந்த எளிமையும் ஒரு காரணம். ‘ஒன்றும் செய்யவில்லை’ என்றால் பிள்ளைகளின் பிணக்கு மாலைக்குள் இரண்டு வீடுகளின் பிணக்காகிவிடும். ஆகவே ஆசிரியரிடம் மூன்றாவது மறுமொழி ஒன்று ஆயத்தமாக இருத்தல் வேண்டும். ராமகுப்பத்தில் அதைத் தெலுங்கிலோ தமிழிலோ கன்னடத்திலோ, அத்தாய்க்குப் புரியும் மொழியில் சொல்லலாம்: ‘முதலில் உங்கள் பிள்ளையின் கையைக் கழுவி மருந்திட்டோம், அழுகை ஓயும்வரை மடியில் வைத்திருந்தோம், அந்தப் பலப்பம் அவளிடமே திரும்பிவந்துவிட்டது. மற்றப் பிள்ளை அதோ, எங்கள் பக்கத்தில் அமர்ந்திருக்கிறான். ‘கொடு’ என்று கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். உள்ளே வந்து சற்று நேரம் இருந்து பாருங்கள், அம்மா.’